அவர் ஓரமாகத்தான் வந்தார்

என் தம்பி வெளிநாட்டுக்குப் போகும்போது அவனுக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். கார் ஓட்டப் பழகியது அங்கேதான். அந்த நாட்டில் எல்லாரும் சாலையின் வலது பக்கம் போவார்களாம். நாம் இடது பக்கம் போவதைப் போல அவர்களுக்கு அது. பல வருஷம் அப்படியே ஓட்டி, அவன் கைக்கும் காலுக்கும் தெரிந்த சாலை அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் அவனைக் காப்பாற்றச் சொல்வதாகப் படும்.

அம்மா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. போனில் காட்டச் சொன்னான். என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தலில் நின்றார். அதற்குப் பிறகு அவன் முதல்முறையாக வந்தது ஒரு பலாப்பழ சீசனில். எங்கள் பக்கம் சாவுக்கு வர முடியாதவர்கள் எத்தனை மாதம் கழித்து வந்தாலும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் உள்ளே கூட்டிப்போவோம். நானும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓங்கி அழுதேன். அவன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். எதிர்வீட்டு ஜனங்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் காரைப் பார்த்தேன். நம்பர் பலகை கறுப்பாக இருந்தது, எழுத்து மஞ்சள்.

"இன்னாடா இது, போர்டு இப்டி இருக்குது?"

"வாடகை வண்டிக்கா. மெட்ராஸ்ல எடுத்தேன். நாமளே ஓட்டிக்கினு போற வண்டிக்கு இப்டித்தான் போர்டு."

என் வீட்டுக்காரருக்குக் கள்ளக்குறிச்சியில் பம்புசெட் கடை. நானும் பகலில் அங்கே கல்லாவில் உட்காருவேன். அவருக்கு எந்த மெஷினைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். "ஒரு டிரைவர வெச்சிக்கினு வந்திருக்கலாமே மாப்ள, ஊர்ப்பக்கம் ரோடு ஒரு மாதிரி" என்றார். தம்பி சிரித்தான். டீயைக் குடித்துக்கொண்டே இன்சூரன்ஸ் கதையை ஆரம்பித்தான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எதையும் முழுசாக விசாரிக்காமல் செய்யமாட்டான். பள்ளிக்கூட டூருக்குப் போகும்போதே டவுசரில் இரண்டு நாடா கோத்துக்கொண்டு போனவன்.

"வெளியூர்ல வண்டி வாடகைக்கு எடுக்கறவங்க இன்னா பாக்கறாங்க மாமா? கார்ல கீறல் வுழுந்தா யாரு குடுக்கறதுன்னு பாக்கறாங்க. அத கிரெடிட் கார்டுக்காரனே பாத்துக்குவான். ஆனா நாம போயி யாரையாவது இடிச்சிட்டா? ஒருத்தருக்குக் கை கால் போயிட்டா? அதுக்கு கார்டுக்காரன் பொறுப்பு இல்ல. அத நாமதான் தனியா வாங்கணும். பாதி பேருக்கு இது தெரியாது."

இங்கே எல்லா வண்டிக்கும் அந்த இன்சூரன்ஸ் சட்டப்படி இருக்கத்தான் இருக்கிறதாம். ஆனாலும் மனசு கேட்காமல், தான் இருக்கும் நாட்டிலிருந்தே அதன்மேல் இன்னொன்றும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அடுத்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனியே வக்கீல் வைக்கும், கம்பெனியே கோர்ட்டுக்குப் போகும், கம்பெனியே பேசி முடிக்கும். "நாம கையக் கட்டிக்கினு நின்னா போதும்" என்றான். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அவருடைய பைக்குக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்த காலம் அது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே இடிக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கினு வந்திருக்கான் பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவன்தான் ஜாஸ்தி சிரித்தான்.

ஊருக்குள் அவன் நன்றாகவே ஓட்டினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிமோதுகிற இடத்தில்கூடப் பதறவில்லை. கூட்டம் இருந்தால் கூட்டமே ஆளைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "லெஃப்டு, லெஃப்டு" என்று கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே வருவேன். "சரிங்க ஓனரம்மா" என்பான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மலைக்குப் போகவேண்டும் என்று அவன்தான் கேட்டான். சின்ன வயதில் அப்பா எங்களைக் கரியாலூருக்குக் கூட்டிப்போனது அவனுக்கு நினைவிருந்தது. கடையை விட்டு வர முடியாது என்று என் வீட்டுக்காரர் நின்றுவிட, நானும் அவனும் மட்டும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, மலையேறி வெள்ளிமலை, அங்கிருந்து கரியாலூர். அருவியில் தண்ணீர் கம்மி. அவன் அதையும் போட்டோ எடுத்துத் தன் பெண்ணுக்கு அனுப்பினான். வழியெல்லாம் அம்மாவைப் பற்றியே பேசினோம். கடைசி நாட்களில் அம்மா என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், தன்னைக் கேட்டாளா என்று துருவித் துருவிக் கேட்டான். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றிரண்டை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

திரும்பும்போது, சாலையின் வலது ஓரத்தில் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். அவன் அந்தப் பக்கமே கொண்டுபோய் நிறுத்தினான். முழுப் பழம் ஒன்று வாங்கினோம். வாசனை மூக்கைத் துளைத்தது. காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது. "சீட்ல கறை பட்டா டெபாசிட்ல புடிச்சிக்குவான்க்கா, பேப்பர் போட்டு நீ புடிச்சிக்கோ" என்றான். அதனால் நான் பின்சீட்டில் பேப்பரை விரித்து, பழம் உருளாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் வண்டியை எடுத்தான். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. நின்ற பக்கமே நேராகப் போனான். அவனுக்கு அது சரியான பக்கமாகவே இருந்திருக்கும். லெஃப்டு என்று சொல்ல முன்சீட்டில் ஆள் இல்லை.

முதல் வளைவிலேயே ஒரு மொபெட் மேலே ஏறி வந்தது. சத்தம் கேட்டது. எனக்குப் பழம் மடியில் இடித்ததுதான் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சாலையெல்லாம் தவிடு. மொபெட்டில் வைத்திருந்த மூட்டை கிழிந்து கொட்டியிருந்தது. ஓட்டி வந்தவர் ஓரத்துக் கல்லின் பக்கம் கிடந்தார். மலைக்காரர், நடுவயதுதான். கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. தம்பி ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஒருவரும் அவன்மேல் கைநீட்டவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. யாரோ துண்டை நனைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. "கூட யாரு வரீங்க?" என்று கேட்டார்கள். அவருடைய பெண்சாதி தூரத்துக் கொல்லையில் இருந்தாள், ஆள் அனுப்பியிருந்தார்கள், இன்னும் வரவில்லை. அவருடைய தம்பியும் அப்போது வந்து சேரவில்லை. "நான் வரேன்" என்று என் தம்பி ஏறிக்கொண்டான். அந்த நிமிஷம் அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் செய்ததில் நான் இன்றைக்கும் குறை சொல்லாத ஒன்று அது.

ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பஸ் வந்தது. குறுகலான வளைவு, வலது பக்கம் எங்கள் கார் அடைத்துக்கொண்டு நின்றது. மலைக்கு வருவதே ஒன்றிரண்டு பஸ். உள்ளே கைக்குழந்தைக்காரிகள், மூட்டை முடிச்சோடு சந்தைக்குப் போய்த் திரும்பும் ஜனம். கண்டக்டர் இறங்கி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதற்குள் அடிபட்டவருடைய தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். அவனே கதவைத் திறந்து கியரை எடுத்துவிட்டு, "புடிங்கப்பா" என்றான். அழுதுகொண்டே தள்ளினான். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளி, காரை இடது பக்க ஓரத்தில், அது நிற்கவேண்டிய இடத்தில், ஒழுங்காக நிறுத்தினார்கள். பஸ் தவிட்டின்மேல் ஏறிப் போயிற்று. போலீஸ்காரர்கள் வந்தபோது கார் இடது பக்கம் நின்றது. அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். அந்த மலை ஜனங்களைத் தவிர வேறு யாராக இருந்தாலும், அடிபட்டது தன் அண்ணன் என்றால், பஸ்ஸாவது கிஸ்ஸாவது என்று காரை அங்கேயே வைத்து மறியல் செய்திருப்பார்கள்.

நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வழியிலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். தம்பி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

அங்கேயிருந்தே அந்த வெளிநாட்டு நம்பருக்குப் போன் செய்தான். அவன் பேசுகிற வேகத்துக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எஸ், எஸ்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போனை வைத்தான். பிறகு சொன்னான்: அந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசக்கூடாதாம். என் தப்பு என்று எங்கேயும் சொல்லக்கூடாதாம். எதையும் தருகிறேன் என்று சொல்லக்கூடாது, தரவும் கூடாது. கம்பெனி எழுத்துமூலம் சரி என்று சொன்னால்தான் எதுவும். மீறினால் அவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பாலிசியிலேயே இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் பிடித்த உள்ளூர் வக்கீலும் அதையே தமிழில் சொன்னார். "சாவுக்குப் போகாதீங்க. போயி நின்னா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாவு வூட்டுக்குப் போறது ஒத்துக்கறதா? பங்காளிச் சண்டையில வெட்டிக்கினவங்களே சாவுக்குப் போயி நிக்கறாங்க" என்றேன்.

தம்பிதான் சொன்னான். "அக்கா, எனக்கு அங்க வூடு கடன்ல இருக்குது. பொண்ணு படிக்கிறா. இவங்க கைய வுட்டுட்டா நான் எங்க போயி நிப்பேன்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தான். மணிக்கட்டைக் காட்டினான்.

"ஆம்புலன்ஸ்ல கையப் புடிச்சிக்கினு வுடவே இல்லக்கா. 'நான் ஓரமாத்தான வந்தேன், நான் ஓரமாத்தான வந்தேன்'னே சொல்லிக்கினு வந்தாரு."

"நீ இன்னாடா சொன்ன?"

"ஆமாங்க, ஆமாங்கன்னேன்." கையை இழுத்துக்கொண்டு, "இத யாருகிட்டயும் சொல்லிடாதக்கா" என்றான்.

கீரையைத் தள்ளி வைத்தேன். சாகப்போகிற மனுஷன் தன் பக்கத்து நியாயத்தை ஒருவனிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவன் இவன்தான். இவனே ஆமாங்க என்றும் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்தான் வெளியே போகக்கூடாது என்று கடல் தாண்டி ஒரு கம்பெனி இவன் வாயைக் கட்டியிருக்கிறது. யாரை நினைத்து அழுவது என்று தெரியாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் செத்தவருடைய பெண்சாதியும் அவருடைய தம்பியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பம்புசெட் கடையில் கேட்டு வழி விசாரித்து, என் வீட்டுக்காரரோடுதான் வந்தார்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். சாவு வீட்டுக்காரர்கள் காரியம் முடியாமல் இன்னொருவர் வீட்டில் நுழையக்கூடாது என்று, நான் உள்ளே கூப்பிட்டும் அவள் வரவில்லை. நல்ல உயரம். அழுத முகம் இல்லை, அழுது ஓய்ந்த முகம். என் வீட்டுக்காரருக்குப் பதற்றம். அவர் வியாபாரி, வாசலில் ஆள் வந்து நின்றால் அவருக்கு ஒன்றுதான் தோன்றும்.

"எல்லாம் இன்சூரன்ஸ் மூலமா வரும்மா. நாங்க கையில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

"துட்டுக்கு வரலீங்க" என்றாள் அவள். "காரியத்துக்குச் சொல்ல வந்தோம். வண்டி ஓட்டனவரு வரணும். கடைசியா கூடப் போனது அவருதானே. நாங்க யாரும் இல்ல. இன்னா பேசனாரு, இன்னா கேட்டாருன்னு அவரு வாயால நாலு பேரு கேக்கணும். அவ்ளோதாங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாடியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "சொல்றேம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தாள். நான் மாடிக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கேட்டதா என்றேன். கேட்டது என்றான்.

காரியத்தன்று அவன் காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். நானும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அவன் வக்கீலுக்கு ஒரு போன் போட்டான். பிறகு அந்த நாட்டுக்கு ஒரு போன் போட்டான். வெறும் துக்கம் விசாரிக்க மட்டும் போகலாமா என்றுதான் கேட்டான், அந்த அளவுக்கு எனக்கே இங்கிலீஷ் புரிந்தது. பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். எனக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் போய் உலை வைத்தேன்.

வக்கீல் கோர்ட்டில் பேசி வழி செய்த பிறகு அவன் புறப்பட்டான். டிரைவரோடு ஒரு டாக்சி வைத்துச் சென்னைக்கு அனுப்பினோம். எப்போதும் தெரு முனை வரைக்கும் தலையை வெளியே நீட்டி "போயிட்டு வரேன்க்கா" என்று கத்திக்கொண்டே போகிறவன், அன்றைக்கு என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் நாம் அப்படிச் சொல்லாமல் போவோம். அவன் தெரிந்து செய்தானா, வார்த்தை வரவில்லையா, எனக்குத் தெரியாது.

கேஸ் நடந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒருநாள் வக்கீல் கடைக்கே வந்து, கம்பெனி தரப்பில் நல்லபடியாகப் பதில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். என்ன நல்லபடி என்று கேட்டேன். மொபெட்காரர்தான் பாதை மாறி எதிரே வந்தார், ஹெல்மெட் இல்லை, குடித்திருந்தார் என்று போட்டிருக்கிறார்களாம். கார் இடது பக்கம் நின்றதாகப் போலீஸ் எழுதியதே அதற்குச் சாட்சியாம்.

"அவரு குடிச்சிருந்தாருன்னு யாரு பாத்தது?" என்றேன்.

"எல்லா கேஸ்லயும் இப்டித்தாம்மா போடுவாங்க. பாதிப் பொறுப்பு அவரு மேல வந்தா நம்ம பக்கம் கம்மியாவும்."

நான் கல்லாவை அறைந்து மூடினேன். வக்கீல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குச் சில நாள் கழித்து மலையிலிருந்து மோட்டார் வாங்க வந்த ஒருவர், நாங்கள் யாரென்று தெரியாமல், "அந்த வளைவுல ஒருத்தன் தண்ணியப் போட்டுட்டு கார்ல போயி வுழுந்தானே" என்று பேச்சுவாக்கில் சொன்னார். கோர்ட்டில் போட்டது மலையேறிப் போய்விட்டது. செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டுத்தான் செத்தார், என் தம்பியிடம்.

நான் மலைக்குப் போய் வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர், "உன் தம்பிக்குத்தான் கஷ்டம், யோசிச்சிக்கோ" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். அவர் மேற்கொண்டு தடுக்கவில்லை, பஸ் நேரம் விசாரித்துச் சொன்னார்.

அந்த வளைவைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரியாலூருக்கு முன்னாலேயே இறங்கி, கேட்டுக் கேட்டு, சாமைக் கொல்லை வழியாக நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டாள். எதிரில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். கொழுந்தன் வேலைக்குக் கீழே போயிருப்பதாகச் சொன்னாள்.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "ஆம்புலன்ஸ்ல என் தம்பி கையப் புடிச்சிக்கினு, 'நான் ஓரமாத்தான வந்தேன்'னு சொல்லிக்கினே வந்தாராம்மா. என் தம்பியும் ஆமாங்கன்னானாம். தப்பு எங்க பேர்லதான். கோர்ட்ல போட்டிருக்கறது பொய்."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை.

"அது தெரியுமேக்கா" என்றாள். "வண்டியத் தள்ளனது என் கொழுந்தன்தானே? எங்கிருந்து எங்க தள்ளனான்னு அவனுக்குத் தெரியாதா? போலீசுகிட்டச் சொன்னான். யாரும் காதுல வாங்கல. அவரு என்னிக்கும் ஓரமாத்தான் வருவாரு. பயந்த மனுஷன்." வாளியை மாட்டுப் பக்கம் தள்ளிவிட்டாள். "குடிப்பாரு, இல்லன்னு சொல்லல. பொழுது போனா கொஞ்சம் குடிப்பாரு. அன்னிக்குக் காலையில மாட்டுக்குத் தவிடு வாங்கத்தான் போனாரு."

நாங்கள் எதைப் பூட்டி வைத்திருந்தோமோ அது இந்த மலை முழுக்க முதல் நாளே தெரிந்த விஷயம்.

"அப்ப அன்னிக்கு எங்க வூட்டுக்கு வந்தது..." என்று இழுத்தேன்.

"அது கேக்க இல்லக்கா. வலி ஜாஸ்தியா இருந்துச்சா, எவ்ளோ நேரம் நெனவு இருந்துச்சு, அதான். அவருக்கு எப்பவும் தாகம் ஜாஸ்தி. கொல்லைக்குப் போனாகூட ரெண்டு பாட்டிலு எடுத்துக்கினு போவாரு. அன்னிக்கு எடுத்துக்கினு போவல, இங்கதான் இருந்துச்சு. தண்ணி கேட்டாரான்னு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

அம்மா கடைசியில் என்ன கேட்டாள் என்று இதே மலைப்பாதையில் அவன் என்னைத் துருவித் துருவிக் கேட்டது எனக்கு நினைவு வந்தது. நான் எல்லாம் சொன்னேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தெரிந்தவன் ஒருவன்தான்.

நான் போனை எடுத்ததும், வாசல் புளியமரத்தடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும் என்று அவளே காட்டினாள். தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே என்ன நேரமோ, உடனே எடுத்துவிட்டான். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அவங்க வூட்லதான் இருக்கறேன்டா. பக்கத்துல இருக்காங்க. வேற ஒண்ணும் கேக்கல. ஆம்புலன்ஸ்ல அவரு தண்ணி கேட்டாரா?"

மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அக்கா, கேஸ் இன்னும் முடியலக்கா" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "வக்கீலக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"தண்ணிக்குமாடா?" என்றேன்.

அவன் அழ ஆரம்பித்தான். அழுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. அவள் அதை முழுசாகக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்த போனைத் தன் விரலால் அவளே அணைத்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாருதானக்கா?" என்றாள்.

"குடுத்திருப்பாம்மா" என்றேன். அது எனக்குத் தெரியாது. அவன் வாங்கி வைத்திருந்த இன்சூரன்ஸ் எதிலும் அதற்கு இடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கீழே பஸ் வருகிற சத்தம் கேட்டது. எழுந்தேன். அவள் வீட்டில் காரியம் முடிந்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது, போயிட்டு வரேன் என்று சொன்னால் தப்பில்லை. சொல்லாமலேதான் இறங்கி நடந்தேன்.